பழைய நீச்சல் குளத்தின் ஆழத்தைக் குறைக்க எதைக் கொட்டி நிரப்புவது?

சென்னை ஈசிஆர் பக்கம், வீட்டின் பின்புறத்தில் பழைய ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) நீச்சல் குளம். நீளம் 30 அடி, அகலம் 15 அடி. முதல் 12 அடி தூரத்துக்கு ஆழம் மூன்றரை அடி, அடுத்த 8 அடி சரிவு, கடைசி 10 அடியில் ஆழம் 8 அடி. வீட்டில் யாரும் டைவ் அடிப்பதில்லை. பேரப்பிள்ளைகள் வந்தால் ஒருவர் கூடவே நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆழமான பக்கத்தை நாலரை அடிக்கு ஏற்ற வேண்டும். சுற்றியிருக்கும் பழைய டெக்கை, அதாவது குளத்தோர நடைதளத்தை, எப்படியும் இடிக்கப் போகிறோம், அந்த டெப்ரிஸையே (இடிபாட்டையே) உள்ளே தள்ளி மேலே கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மைத்துனர் கிராவல் அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் தெர்மோகோல் பிளாக் அடுக்கலாம் என்கிறார். எதை நிரப்புவது? இதுதான் உங்கள் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்துக்கு 1:4:8 பிசிசி, அதாவது ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல், எட்டு பங்கு ஜல்லி கலந்த, கம்பியில்லாத கான்கிரீட். செலவைக் குறைக்க, இடித்த டெக்கில் கிடைக்கும் நல்ல கான்கிரீட் கட்டிகளை அந்த பிசிசிக்குள்ளேயே பதித்துக்கொள்ளலாம். ஆக, மேஸ்திரி சொல்வதில் பாதி சரி. கிராவல் வேண்டாம். தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதுதான் நீளமான கதை.

வீடு கட்டும்போது பேஸ்மென்ட் நிரப்புவது நம் எல்லாருக்கும் தெரிந்த வேலை. சவுடு, கிராவல், குவாரி டஸ்ட் என்று எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைக் கொட்டுகிறோம், தண்ணீர் விடுகிறோம், திமிசு போடுகிறோம், மேலே பிசிசி. பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. காரணம், அங்கே விட்ட தண்ணீர் கீழே மண்ணுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. நீச்சல் குளத்தில் அது நடக்காது. தண்ணீர் வெளியே போகக் கூடாது என்றே கட்டப்பட்ட தொட்டி அது. உள்ளே மண்ணைக் கொட்டி மூடினால், அதற்குள் எப்படியோ வந்து சேரும் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். வராமல் இருக்குமா என்றால், இருக்காது. புதுத் தரையின் மூட்டு வழியாகவோ, ஃபில்டரிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்பின் ஓரமாகவோ, பழைய சுவரின் மயிரிழை விரிசல் வழியாகவோ வரும். ஒரு மழைக்காலத்தில் வராவிட்டால் அடுத்ததில் வரும். எனவே எந்தப் பொருள் மலிவு என்று தொடங்குவதைவிட, எந்தப் பொருளுக்குள் தண்ணீர் போனாலும் ஒன்றும் ஆகாது என்று கேட்டுத் தொடங்குவது நல்லது.

இன்னொரு தண்ணீர் வெளியே இருக்கிறது. ஈசிஆர் முழுக்கக் கடற்கரை மணல். வெயில் காலத்தில் நிலத்தடி நீர் நன்றாகக் கீழே போயிருக்கும், வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த டிசம்பரில் சில அடி தோண்டினாலே ஊறும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் சென்னையின் பல தெருக்களில் தண்ணீர் தரைமட்டத்துக்கு மேலேயே நின்றது. ஆகவே கணக்குப் போடும்போது நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் அமுக்கி வைத்த காலி அண்டா எப்படி மேலே வரத் துடிக்குமோ, காலியான நீச்சல் குளமும் அப்படியே.

எவ்வளவு துடிக்கும் என்று பார்க்கலாம். ஒரு கன அடி தண்ணீர் சுமார் 28.3 கிலோ. ஆழமான பக்கத்தில் உள்ளாழம் 8 அடி, பழைய தரை 8 அங்குல ஆர்சிசி என்று வைத்துக்கொண்டால் அடிப்பகுதி தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 8.67 அடி கீழே இருக்கிறது. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை நின்றால், ஒவ்வொரு சதுர அடிக்கும் கீழிருந்து வரும் தள்ளுவிசை 245 கிலோ. அதை அமுக்கிப் பிடிக்க அங்கே இருப்பது 8 அங்குல ஆர்சிசியின் எடை, சதுர அடிக்கு 47 கிலோ மட்டும். சுவர்களின் எடையும் துணைக்கு வரும். ஆனாலும் இத்தனை இடைவெளியைச் சுவர்கள் தாங்க வேண்டுமென்றால் நடுத்தரை மேல்நோக்கி வளையும், விரிசல் விடும். குளத்தில் தண்ணீர் நிரம்பியிருக்கும் வரை அந்தத் தண்ணீரின் எடையே காவல். காலி செய்த நாளில்தான் ஆபத்து.

ஆகையால் நிரப்பும் பொருளைப் பற்றிப் பேசும் முன்பே ஒரு எச்சரிக்கை. இந்த வேலையை ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் முடித்துவிடுங்கள். தீபாவளிக்கு முன் முடித்துத் தருகிறேன் என்று யாராவது அக்டோபரில் குளத்தைக் காலி செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலி செய்வதற்கு முன் குளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழி தோண்டியோ, வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டோ தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். குளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் பம்பைப் போடலாம்.

இப்போது அதே கணக்கை நிரப்பிய பிறகு பார்ப்போம். புதுத் தரை 6 அங்குல ஆர்சிசி. அதன் மேல்மட்டம் நாலரை அடி என்றால் அடிமட்டம் 5 அடி. எனவே நிரப்ப வேண்டிய கனம் 3 அடி. டைல் கனத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். பழைய தரை 47 கிலோ, புதுத் தரை 35 கிலோ, ஆக 82 கிலோ கையில் இருக்கிறது. இடையில் 3 அடிக்கு பிசிசி போட்டால் அதற்கு மட்டும் 204 கிலோ கிடைக்கும். மொத்தம் 286. தள்ளுவிசை 245. குளம் காலியாக இருந்து, ஊரே வெள்ளத்தில் நின்றாலும், சுவரின் எடையைச் சேர்க்காமலேயே தரை அசையாது. பிசிசிக்குப் பதில் நன்றாக இறுக்கிய எம் சாண்ட் என்றால் கன அடிக்கு 50 கிலோ வைத்து 150 கிலோ. மொத்தம் 232. கொஞ்சம் குறைகிறது. சுவர்கள் கை கொடுத்துச் சமாளித்துவிடலாம், ஆனாலும் விளிம்பில் நிற்கும் கணக்கு. தெர்மோகோல் பிளாக் என்றால்? கன மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள பிளாக்கை எடுத்துக்கொண்டால் 3 அடிக்கு இரண்டு கிலோகூட வராது. மொத்தம் 84. எதிரே 245.

தெர்மோகோல் யோசனை பைத்தியக்காரத்தனமானது என்று சொல்லவில்லை. உலகத்தில் பல இடங்களில் நன்றாக வேலை செய்யும் பொருள்தான் அது. நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே இளகிய மண்ணின் மேல் சாலை அமிழ்ந்துகொண்டே போனபோது, 1972இல் அதன் அடியில் தெர்மோகோல் கட்டிகளை வைத்துப் பாரத்தைக் குறைத்தார்கள். அங்கிருந்துதான் அந்த முறை பரவியது. மொட்டைமாடியிலோ மேல்தளத்திலோ இருக்கும் குளத்தின் ஆழத்தைக் குறைக்கும்போது கட்டடத்தின் மேல் பாரம் ஏற்றக் கூடாது என்பதால் அங்கே அது அருமையான தீர்வு. அபார்ட்மென்ட் மாடியில் குளம் வைத்திருப்பவர்கள் தாராளமாக அதைப் பரிசீலிக்கலாம், டிசைன் செய்த இன்ஜினியரைக் கேட்டுவிட்டு. ஆனால் மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும், மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நிற்கும் குளத்துக்கு எடைதான் நண்பன். தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட தெர்மோகோல் கன மீட்டருக்கு 980 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். ஃபோம் கான்கிரீட்டுக்கும் இதே எச்சரிக்கை. கன மீட்டருக்கு 1,000 கிலோவுக்குக் குறைவான கலவை என்றால் அதுவும் மிதக்கும் பொருள்தான்.

கிராவலுக்கு வருவோம். நம் ஊரில் கிராவல் என்று லாரியில் வருவது செம்மண்ணும் சிறுகல்லும் கலந்த மண். சாலைக்கும் பேஸ்மென்ட்டுக்கும் நல்ல பொருள். சவுடும் அப்படித்தான், ஆனால் லோடுக்கு லோடு மாறும். ஒன்றில் மணல் அதிகம், அடுத்ததில் களி அதிகம். இரண்டிலும் களிமண் கொஞ்சமாவது இருக்கிறது, அதுதான் தொட்டிக்குள் ஆகாதது. களி கலந்த மண்ணைச் சரியான ஈரப்பதத்தில் இறுக்கினால்தான் அது இறுகும். அமெரிக்கப் பொறியாளர் ரால்ப் ப்ராக்டர் 1933இல் காட்டியது இதைத்தான். காய்ந்திருந்தால் இறுகாது, அதிகம் நனைந்தால் சேறாகும், நடுவே ஒரு அளவில் மட்டும் முழு அடர்த்தி கிடைக்கும். வேலை நடக்கும் இடத்தில் அந்த அளவைக் கையாலேயே பார்த்துவிடலாம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டை உதிர்ந்து போனால் தண்ணீர் போதாது. உள்ளங்கை ஈரமாகிப் பிசுபிசுத்தால் அதிகம். உருண்டை நின்று, இரண்டு விரலால் அழுத்தும்போது இரண்டு மூன்று துண்டாகப் பிளந்தால் சரி. அந்த நிலையில் ஆறு அங்குலம் கொட்டி, ராம்மர் என்ற மண் இடிக்கும் இயந்திரத்தை நாலு தடவை ஓட்டி, அடுத்த ஆறு அங்குலம் என்று போக வேண்டும். உங்கள் மேஸ்திரி அப்படிச் செய்வாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் நடப்பது, மொத்த லோடையும் கொட்டி, மேலே ஹோஸ் பைப்பை விட்டு, இரண்டு நாள் ஊற விடுவது. அடியில் ஓட்டையே இல்லாத தொட்டியில் அப்படிச் செய்தால் கிடைப்பது சேற்றுக் குளம். அதன் மேல் கான்கிரீட் போட்டால், சேறு மெல்ல மெல்ல அமர அமரத் தரைக்கு அடியில் இடைவெளி விழும். தரை அந்தரத்தில் தொங்கும். அப்புறம் ஒருநாள் விரிசல்.

கரிசல் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண்ணைத் தரைக்கு அடியில் வைப்பவர்கள் யாருமில்லை. கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே, நாலு வண்டி மணல் அள்ளிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதைவிட, அதிலிருக்கும் உப்பு உங்கள் ஆர்சிசியின் கம்பியை உள்ளிருந்தே தின்றுவிடும்.

சரி, டெப்ரிஸ். இதில்தான் மேஸ்திரிகளோடு அதிகம் வாதாட வேண்டியிருக்கும். வெளியே அள்ளிப் போக லாரி வாடகை, கொட்ட இடம், எல்லாம் செலவு. இதோ ஒரு பெரிய குழி காலியாக இருக்கிறது, அதில் தள்ளினால் இரண்டு வேலையும் முடிந்தது. ஆசை நியாயமானதுதான். ஆனால் டெப்ரிஸ் என்ற ஒரே பெயரில் உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். செங்கல் துண்டு, பூச்சு, டைல் சில்லு, பிவிசி பைப், சிமென்ட் மூட்டைச் சாக்கு, கதவு நிலையின் மரத்துண்டு, பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம். மரம் மக்கிப் போய் இடைவெளி விடும், கரையானையும் கூப்பிடும். டைல் சில்லுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்று உள்ளே பொந்து பொந்தாக வெற்றிடம் விடும். எந்த ராம்மராலும் அதை இறுக்க முடியாது. எல்லாவற்றிலும் மோசம் ஜிப்சம். அது கால்சியம் சல்பேட். ஈரத்தில் கரைந்து கான்கிரீட்டுக்குள் போய், சிமென்ட்டோடு வினைபுரிந்து, உப்பும் ஒரு பொருளை உண்டாக்கும். கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கும் இதேதான். ஒரு சின்ன ஃபால்ஸ் சீலிங் துண்டு என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எப்போதும் ஈரமாகவே இருக்கும் இடம் அது.

அதே டெப்ரிஸில் நல்ல பொருளும் இருக்கிறது. பழைய டெக்கின் கான்கிரீட் பாளங்கள், கருங்கல், கம்பி நீக்கிய தூண் துண்டுகள். இவற்றைத் தனியே பிரியுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணையும் பூச்சையும் தட்டி, கழுவி, அரை அடி முதல் ஒரு அடி வரையான கட்டிகளாக வைத்துக்கொள்ளுங்கள். இவைதான் பிசிசிக்குள் போகப் போகின்றன. மீதி செங்கல், டைல், சில்லறை எல்லாம் வெளியே. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பிரித்து அரைக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஏரிக்கரையில் கொட்டுவதைவிட அங்கே போவது மேல். பழைய கான்கிரீட்டை அரைத்து ஜல்லியாகவே பயன்படுத்துவதை 2016இல் திருத்தப்பட்ட ஐஎஸ் 383 என்ற இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. எம்15 என்ற வலுத் தரத்துக்குக் கீழான சாதாரண கான்கிரீட்டில் முழுக்க முழுக்கவே அந்த ஜல்லியைப் போடலாம். நம் 1:4:8 அந்த வகைதான். அரைத்த ஜல்லி அருகில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

இனி அளவு. 10 அடி சமதரைப் பகுதியில் 10 × 15 × 3 என்று 450 கன அடி. சரிவுப் பகுதியில் முக்கோண வடிவில் இன்னொரு 120 கன அடி. மொத்தம் 570, அதாவது 5.7 யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்), 16 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மண் என்றால் இறுக்கும்போது குறைவதற்காகக் கால் பங்கு கூடுதலாக, 7 யூனிட் வாங்க வேண்டும். கான்கிரீட்டுக்கு அந்தச் சேதாரம் இல்லை. 1:4:8இல் கன மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை மூட்டை சிமென்ட் போகும். எல்லாம் பிசிசியாகவே போட்டால் 55 மூட்டை. கட்டிகளைப் பதித்தால் அதில் கால் பங்கு வரை மிச்சம். நீங்கள் எப்படியும் புது ஆர்சிசி, வாட்டர் புரூஃபிங், டைல், ஃபில்டர் லைன் என்று செய்யப் போகிறீர்கள். அந்தச் செலவோடு வைத்துப் பாருங்கள், அடியில் 55 மூட்டை சிமென்ட் பெரிய தொகையாகத் தெரியாது. அடியில் மிச்சம் பிடித்து மேலே இத்தாலியன் மொசைக் ஒட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கணக்கு விளங்கியதே இல்லை.

போடும் முறைக்கு வருகிறேன். குளம் காலியானதும் தரையையும் சுவரையும் இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் கணீரென்று வரும். டைல் உப்பி நிற்கும் இடத்தில் பொள்ளலாகக் கேட்கும். புதுத் தரை சுவரைத் தொடும் மட்டத்திலும் அதற்கு மேலும் இருக்கும் பழைய டைல் முழுக்க வந்துவிட வேண்டும். அடியில் மறையப் போகும் டைலில் பொள்ளலானதை மட்டும் எடுத்தால் போதும், மற்றதைக் கொத்தி முரடாக்கிவிட்டால் போதும். பாசியும் எண்ணெய்ப் பசையும் இல்லாமல் கழுவ வேண்டும்.

அடுத்து மெயின் டிரெயின், அதாவது குளத்தின் அடியிலிருந்து பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாய். இதை மறந்துவிட்டுக் கான்கிரீட் கொட்டியவர்கள் பிறகு கல்லை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய டிரெயினை அப்படியே புதைக்கக் கூடாது. பைப்பைப் புதுத் தரைமட்டம் வரை ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஏற்றும்போதே ஒரு டிரெயினுக்குப் பதில் இரண்டாகப் பிரித்து, குறைந்தது மூன்று அடி இடைவெளி விட்டு வையுங்கள். ஒரே ஒரு டிரெயின் இருந்து அதை ஒரு குழந்தையின் உடலோ தலைமுடியோ அடைத்துக்கொண்டால் பம்பின் உறிஞ்சு விசை முழுக்க அங்கேயே பிடித்துவிடும். அமெரிக்காவில் ஒரு சிறுமி இப்படி இறந்த பிறகுதான் 2007இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். ஆழம் குறையக் குறைய டிரெயின் குழந்தைகளின் கைக்கெட்டும் தூரத்துக்கு வருகிறது என்பதால் உங்கள் வீட்டில் இது இன்னும் முக்கியம். பழைய டிரெயின் குழியில் ஹைட்ரோஸ்டாடிக் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே நிலத்தடி நீர் அழுத்தம் கூடினால் தானே திறந்து தண்ணீரை உள்ளே விடும் சின்ன வால்வு அது. இருந்தால் அதன் பைப்பையும் மேலே ஏற்றிப் புது வால்வு போடுங்கள். புதையப் போகும் எல்லா லைனையும் அடைத்து, அழுத்தம் ஏற்றி, ஒரு இரவு விட்டுப் பார்த்த பிறகே மூட வேண்டும்.

பிசிசியை ஒரு அடி கனமாகப் பரப்புங்கள். ஜல்லி ஒன்றரை அங்குலம். தண்ணீரைக் கண்டபடி ஊற்றாமல், வைப்ரேட்டர் போட்டால் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும். கழுவி வைத்த கட்டிகளை நனைத்து, பச்சைக் கான்கிரீட்டில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஆறு அங்குல இடைவெளி, சுவரிலிருந்தும் அதே இடைவெளி. கட்டிகளை முதலில் அடுக்கிவிட்டு மேலே கலவையை ஊற்றும் சுலப வழி ஒன்று உண்டு. அதைத் தடுத்து நிறுத்துவது உங்கள் வேலை. ஊற்றினால் கலவை அடிவரை இறங்காது, நீங்கள் காசு கொடுத்துப் பொந்து வாங்குகிறீர்கள். ஒரு அடுக்கு இறுகியதும் மேலே பாலாடை போலப் படிந்த சிமென்ட் படலத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு அடுத்த அடுக்கு. ரெடிமிக்ஸ் லாரி குளம் வரை வரும் என்றால் மூன்று லோடில் முடிந்துவிடும். ரெடிமிக்ஸில் தண்ணீர் போல ஓடித் தானே நிரம்பும் குறைந்த வலுக் கலவையும் கிடைக்கும். ஃபிளை ஆஷ் அதிகம், சிமென்ட் குறைவு. குறுகலான இடங்களுக்கு அது நல்லது.

மேலே வரும் ஆர்சிசி தண்ணீர் தாங்கும் தரை, எனவே எம்30க்குக் குறைய வேண்டாம். சுவரில் ஒரு அடிக்கு ஒன்று வீதம் 12 எம்எம் கம்பியைத் துளையிட்டு கெமிக்கல் ஆங்கர் (கம்பியைத் துளையில் ஒட்டும் பசை) வைத்து நட்டு, புதுத் தரையின் கம்பியோடு கட்டுங்கள். துளை போடும் ஆழத்தை உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்ல வேண்டும். பழைய சுவரின் கனம் தெரியாமல் நான் சொன்னால் தப்பாகும். சுவரும் தரையும் சேரும் மூலையில் நனைந்தால் உப்பும் வாட்டர் ஸ்டாப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டுங்கள். கசிவு வருவதென்றால் பத்துக்கு ஒன்பது முறை அந்த மூலையில்தான் வரும். அப்புறம் அதிகம் பேர் கவனிக்காத ஒரு இடம். புதுத் தரை பழைய சரிவோடு போய்ச் சேரும் கோடு. அங்கே கான்கிரீட் கத்தி முனை போல மெலிந்து முடிந்தால் ஒரே வருடத்தில் பெயர்ந்துவிடும். பழைய சரிவில் டைலையும் அதன் அடிக் கலவையையும் ஒரு அடி அகலத்துக்கு எடுத்து, புது முனை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும்படி செய்யுங்கள்.

பிசிசிக்குக் கை வரவில்லை, மண் வகைதான் என்று வீட்டில் முடிவானால், களி கலக்காத பொருளாக எடுங்கள். கழுவிய எம் சாண்டோ, 20 எம்எம் ஜல்லியோ. குவாரி டஸ்ட் நன்றாக இறுகும், ஆனால் அதன் பவுடர் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும் என்பதால் இங்கே எனக்குப் பிடிக்காது. மணலை ஆறு அங்குலமாகப் பரப்பி பிளேட் வைப்ரேட்டர் ஓட்டுங்கள். மணலுக்கு இடிப்பதைவிட அதிர்வுதான் வேலை செய்யும். அடியிலேயே ஒரு மூலையில், துளையிட்டு, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி சுற்றிய நாலு அங்குல பிவிசி பைப்பைப் படுக்க வைத்து, அதிலிருந்து ஒரு பைப்பைச் சுவரோரமாக டெக் மட்டம் வரை நிமிர்த்திக் கொண்டுவந்து மூடி போடுங்கள். குளத்தைச் சுத்தம் செய்யக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும், முதலில் அந்த மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் நின்றால் அதை இறைத்துவிட்டுத்தான் குளத்தைக் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடியில் சிக்கிய தண்ணீர் புதுத் தரையை மேலே தூக்கும். மண்ணின் மேல் தரை போடும்போது ஆர்சிசியின் கனமும் கம்பியும் கூடும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிசிசியோடு ஒப்பிட்டால் நீங்கள் நினைத்த மிச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

பழைய தரையில் ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் தானே இறங்கிவிடுமே என்று சிலர் சொல்வார்கள். குளத்தையே மூடித் தோட்டமாக்குவதாக இருந்தால் அதுதான் சரியான முறை. தரையில் பல இடங்களில் உடைத்து, சுவரின் மேல் இரண்டு மூன்று அடியை இடித்து, நிரப்பி, மேலே நல்ல மண் போட வேண்டும். ஆனால் அதே இடத்தில் மறுபடி குளம் வரப்போகிறது என்றால், ஈசிஆரில் அந்த ஓட்டை கீழே விடும் வழியாக ஆறு மாதமும், மேலே ஏற்றும் வழியாக ஆறு மாதமும் வேலை செய்யும்.

குளத்துக்கு வெளியே, டெக்கை இடித்த பிறகு சுவரைச் சுற்றி நிரப்புவது வேறு வேலை. அங்கே பிசிசி தேவையில்லை. சுவருக்கும் மண்ணுக்கும் இடையே 20 எம்எம் ஜல்லி போட்டால், கொட்டியவுடனேயே பெரும்பாலும் அமர்ந்துவிடும், தண்ணீரும் நிற்காது. சுவரோரத்தில் கனமான ரோலர் ஓட்டிப் பழைய சுவரை உள்ளே தள்ளும் ஆபத்தும் இல்லை. ஆனால் சுற்றிலும் கடற்கரை மணல் இருப்பதால் ஜல்லியை ஜியோ டெக்ஸ்டைல் துணியால் சுற்றியே போட வேண்டும். துணி இல்லாவிட்டால் ஒவ்வொரு மழையிலும் பக்கத்து மணல் ஜல்லியின் இடுக்குகளுக்குள் போய்விடும், அந்த அளவுக்குப் புல்தரையோ காம்பவுண்ட் ஓரமோ அமிழும். கிராவலை அங்கே, ஜல்லிக்கு மேல், டெக்கின் அடியில் பயன்படுத்திக்கொள்ளலாம். மைத்துனரும் திருப்தி அடைவார்.

டைல் ஒட்டுவதற்கு முன், புதுத் தரை போட்டு நன்றாக கியூரிங் முடிந்ததும், பம்பை நிறுத்திவைத்துவிட்டு ஒரு வாரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மட்டம் குறைந்தால் உடனே கசிவு என்று பயந்துவிட வேண்டாம், சென்னை வெயிலில் ஆவியாவதும் இருக்கிறது. படிக்கட்டின் மேல் ஒரு வாளியைக் குளத்துத் தண்ணீரில் பாதி அமிழும்படி வைத்து, அதற்குள்ளும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து வாளிக்குள் எவ்வளவு இறங்கியதோ அதே அளவு வெளியேயும் இறங்கியிருந்தால் வெயில்தான் காரணம். வெளியே அதைவிட அதிகம் இறங்கியிருந்தால் டைல்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மூலை மூட்டை முதலில் பாருங்கள்.